தறிச் சத்தமும் ஒரு கட்டுரையும்: வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

சோமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் ஊரில் கல்லூரி என்றால் கட்ஆஃப்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200. பொறியியல் கலந்தாய்வில் ‘நீ எப்படிப்பட்ட ஆள்?’ என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை, கட்டுரை எழுதும் பக்கத்தைத் திறந்ததும் முழிக்கிறது.

நானும் முழித்தவள்தான். முதன்முதலில் ஒரு பையனுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, ‘ஒழுக்கமானவன், கடின உழைப்பாளி, பெரியோரிடம் மரியாதை உள்ளவன்’ என்று மூன்று வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அது டி.சி.யோடு கொடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ். வகுப்பில் எவன் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, கடிதம் யாரிடம் கேட்பது? எல்லாரும் ஹெச்.எம். அறைக்கு ஓடுகிறார்கள். காமன் ஆப் (ஒரே விண்ணப்பத்தைப் பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பும் இணையதளம்) வழியாகப் போனால் பள்ளியின் சார்பில் ஒரு கடிதமும் மதிப்பெண் விவரமும் தனியாகப் போகும்; ஹெச்.எம். அதை எழுதட்டும். பாட ஆசிரியர் கடிதத்துக்கு, நீங்கள் தடுமாறியதையும் பார்த்தவரைப் பிடியுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாதிரி சில இடங்களில் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் என்று கேட்பார்கள். அதனால் தமிழம்மாவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் பொதுவாகக் கடிதமே கேட்பதில்லை. அங்கே எட்டுக் கேள்வியில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில்.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால், ஆகஸ்டிலேயே, நேரில் வந்து கேளுங்கள். வரும்போது ஒரு பக்கக் குறிப்பு கொண்டுவாருங்கள். பரிசுப் பட்டியல் வேண்டாம், அது விண்ணப்பத்திலேயே இருக்கும். என் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை ஞாபகப்படுத்துங்கள். நாற்பது பேரில் எனக்கு மறந்திருக்கும். (ஒரு அப்பா இளநீர்க் குலையோடு வந்தார். குடித்தோம். குறிப்பு கொண்டுவரவில்லை.)

விண்ணப்பத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுங்கள். மாணவர் பார்க்காத கடிதத்தைத்தான் படிப்பவர்கள் நம்புவார்கள்.

இனிக் கட்டுரை. ஒரு பெண்ணின் கதையையே சொல்கிறேன். அவள் கொண்டுவந்த முதல் வரைவு, ‘சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கி, கலாம் ஐயா வழியாகப் போய், நாட்டுக்குச் சேவையில் முடிந்தது. படித்துவிட்டு வேறு பேச்சு பேசினேன். அவள் வீட்டோடு ஒட்டி எட்டு விசைத்தறி. “அந்தச் சத்தத்துல எப்படி அம்மிணி தூங்கறே?” என்றேன். சிரித்தாள். “சத்தம் இருந்தாத்தானுங்க மிஸ் தூக்கம் வரும். கரண்ட் போனா எல்லாரும் முழிச்சுக்குவோம்.”

அப்புறம் தானாகவே வந்தது. படுத்துக்கொண்டே கேட்பாளாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு தறி முன்னும் பின்னுமாக அடித்து, மெல்ல நெருங்கி, ஒரு கணம் ஒன்றாக அடித்து, மறுபடி விலகுமாம். எத்தனை விநாடிக்கு ஒருமுறை சேர்கிறது என்று ஏழாவது படிக்கும்போதே எண்ணியிருக்கிறாள். பதினோராவதில் நான் விம்மல்கள் (பீட்ஸ்) பாடம் நடத்திய அன்றைக்குத்தான் அதற்குப் பெயர் இருப்பது தெரிந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இதை எழுது என்றேன். “தறியப் பத்தியாங்க?” என்று முகம் சுருங்கியது. தறியை எழுதினால் ஏழ்மையைக் காட்டி இடம் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாள். பயம் நியாயமானதுதான். கஷ்டத்தை விற்கிற கட்டுரை எனக்கும் பிடிக்காது. ஆனால் அவள் சொன்னதில் கஷ்டமே இல்லை, கவனிப்புதான் இருந்தது.

செய்முறை இவ்வளவுதான். முதலில் தமிழில் பேசி போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்டுவிட்டு, அதை மூடிவைத்து, ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். வரிக்கு வரி மாற்றினால் நொண்டும். காமன் ஆப் கட்டுரைக்கு 250 முதல் 650 வார்த்தை. முதலில் ஆயிரம் எழுதி வெட்டுங்கள். பெரும்பாலும் முதல் பத்திதான் போகும். காசு வாங்கி எழுதித் தருகிற ஒரு இடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பாட்டி கதையைக் கொடுத்ததை நானே பார்த்தேன். ஏ.ஐ. எழுதியதைத் தன்னுடையது என்று கொடுப்பதை காமன் ஆப் மோசடியாகவே எண்ணுகிறது.

இங்கிலாந்து வேறு மாதிரி. 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் (அங்கே பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) மூன்று கேள்வி கேட்கிறது: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயார்படுத்தியது, வெளியே என்ன செய்தாய். மொத்தம் 4000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அங்கே தறிக்கதை இரண்டு வரி போதும், மீதி பாடத்தைப் பற்றி.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய கடிதத்தில் தறி வரவே இல்லை. கட்டுரையில் இருப்பதைக் கடிதம் திரும்பச் சொல்லக் கூடாது. ஆய்வகத்தில் மற்றவர்கள் விடைக்கு ஏற்ற அளவீட்டை எழுதிக்கொண்டபோது, அவள் தப்பாக வந்ததை அப்படியே எழுதி, இடைவேளையில் திரும்ப வந்து தளர்ந்திருந்த ஒயரைக் கண்டுபிடித்ததை எழுதினேன்.

முதல் கெடு நவம்பர் 1 என்றால், அக்டோபர் மூன்றாவது வாரத்தில் உங்கள் காமன் ஆப் கணக்கில் பாருங்கள், கடிதம் ஏறியிருந்தால் காட்டும். ஏறவில்லையா, “மிஸ், கடிதம் என்னாச்சுங்க?” என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நில்லுங்கள். விடைத்தாள் கட்டுக்கு நடுவில் மறந்திருப்பேன். இல்லாவிட்டால் கடிதம் கேட்டு எனக்கு வந்த அழைப்பு மெயில் ஸ்பாமில் கிடக்கும்.