கட்டுவதற்கு முன்னால் தொட்டுப் பார்க்கிறேன்

செவிலியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம். முழங்கை மடிப்பின் உள்பக்கம் தடித்துத் தெரிந்த குழாயைச் சிரை என்று நம்பி கேனுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்டேன். ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் வந்தது. சலைன் மாட்டினால் சொட்டு இறங்கவில்லை. டியூபுக்குள் ரத்தம் மேலேறி, ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்தது. தமனி! நல்லவேளை, மருந்து எதுவும் போகவில்லை. உடனே எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன்.

மருந்து போயிருந்தால் விரல்கள் அழுகும் அபாயம்கூட உண்டு. (அப்படிப் போய்விட்டால் கேனுலாவை உருவக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்; அதே வழியாகச் சிகிச்சை கொடுக்க முடியும்.)

அந்த இடத்தில் வழக்கமாகத் தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருதலைத் தசையின் (பைசெப்ஸ்) நார்ப்பட்டை ஒன்று தடுப்பாக இருக்கும். ஆனால் சிலருக்கு அல்நார் தமனி (முன்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடுவது) முழங்கைக்கு மேலேயே பிரிந்து, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. பார்வைக்கு அசல் சிரைதான்.

நான் அன்று டூர்னிக்கெட்டை (சிரை புடைக்கக் கையில் கட்டும் பட்டை) இறுக்கிய பிறகுதான் தொட்டேன். ரொம்ப இறுக்கினால் துடிப்பே மறைந்துவிடும். இப்போது கட்டுவதற்கு முன்பே இரண்டு விரல் நுனிகளை லேசாக வைத்துப் பார்க்கிறேன். துடித்தால் அந்த இடம் வேண்டாம். முன்கையில் கட்டைவிரல் பக்கச் சிரையைத் தேடுவேன், ஆனால் மணிக்கட்டை ஒட்டி அல்ல. அங்கே நரம்பு இருக்கிறது.

அப்புறம், அந்த நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதி வைத்தேன்.