சிறுவர் கைக்கு ஏற்ற ஏர் பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றதைப் பார்த்த பிறகு, 11 வயதான என் மகள் தானும் குறி பார்த்துச் சுடப் பழக வேண்டும் என்றாள். அவிநாசியிலிருந்து ஞாயிறுதோறும் அவளைக் கோவைக்குப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் நான், பிஸ்டல் வாங்கியதில் ஒரு பெரிய தவறு செய்து அதைத் திருத்தியும் விட்டேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் குழலின் உள்விட்ட அளவைப் பார்க்க வேண்டும். தொடக்கத்துக்கு 4.5 மி.மீ. பெல்லட் (சிறு குண்டு) போதும். குழல் அந்த அளவைத் தாண்டாமலும், ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி உரிமம் தேவையில்லை. போட்டிகளில் வரும் .22 அங்குலக் குழல் பிஸ்டல் வெடிமருந்தால் இயங்குவது. அது உரிமத்துக்கு உட்பட்டது என்பதால் பயிற்சியாளர் சொல்லும் காலம் வரை அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அடுத்து, எதனால் இயங்கும் பிஸ்டல் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வகை விலை மலிவு. ஆனால் ஒவ்வொரு முறையும் உதறும் என்பதால், பிழை கையில் இருக்கிறதா கருவியில் இருக்கிறதா என்று குழந்தையால் கண்டுகொள்ள முடியாது. கார்பன் டை ஆக்சைடு வகையில் வெப்பம் ஏற ஏற அழுத்தமும் மாறும் என்பதால், சித்திரை வெயிலில் நம் பக்கத்துக்கு அது ஒத்துவராது. நெம்புகோலை இழுத்துக் காற்றடைக்கும் வகை துல்லியமானதுதான், ஆனால் சிறுவர்களுக்கு அந்த இழுப்புக்கு வலுப் போதாது. ஆகவே, சிலிண்டரில் முன்கூட்டியே காற்றடைத்த பிசிபி வகையையே நான் பரிந்துரைக்கிறேன். அதில் பெல்லட் இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகும் வசதி கொண்ட பிஸ்டலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் செய்யும் பயிற்சியில் பெரும்பகுதி அதுதான்.

நான் தவறியது கைப்பிடியில். பெரியவர் ஒருவர் பயன்படுத்திய, நடுத்தர அளவுக் கைப்பிடி கொண்ட பிஸ்டலை, நல்ல நிலையில் இருக்கிறதே என்று வாங்கி வந்துவிட்டேன். மூன்று மாதங்கள் அவளுடைய பெல்லட்டுகள் எல்லாம் தாளின் இடப்பக்கமே விழுந்தன. நானோ குறிகாட்டியைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்கினேன். பயிற்சியாளர் அவள் கையைப் பக்கவாட்டில் நின்று பார்த்த பிறகுதான் விவரம் புரிந்தது: உள்ளங்கை நிறையப் பிடித்தால் ஆள்காட்டி விரலின் நுனி மட்டுமே விசையைத் தொட்டது, விசையை நேராகப் பின்னுக்கு இழுக்க முடியாமல் அவள் அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எனவே வாங்குமுன் குழந்தையை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிஸ்டல் காலியாக இருப்பதைப் பார்த்து உறுதிசெய்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, கைப்பிடியை இறுக்கமில்லாமல் பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு வளையாமல், விரல் நுனிக்கும் முதல் மூட்டுக்கும் இடையிலுள்ள சதையின் நடுப்பகுதி விசையில் படிய வேண்டும். விசையை முன்பின் நகர்த்தும் திருகு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிறிய கைப்பிடியை மாற்றிய பிறகும் எங்களுக்குச் சற்று இடைவெளி இருந்தது. மர வேலைக்கான பட்டியை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, அவள் உள்ளங்கைக்குப் பொருத்தினோம். பெல்லட் நடுவுக்கு வந்ததைப் பார்த்து, "அப்பா, பிஸ்டல் இப்பத்தான் என் கையில உக்காருது" என்றாள்.

எடையை அறியக் கடைக்குப் போகவே வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கை நீட்டி அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். தோள் உயர்ந்தோ முதுகு பின்னால் சாய்ந்தோ போனால், ஒரு கிலோவை ஒட்டிய பெரியவர் பிஸ்டல் அந்தக் குழந்தைக்கு அதிகம். குட்டையான குழல் கொண்ட சிறுவர் மாதிரியைத் தேடுங்கள், அல்லது சில மாதங்கள் தாங்கியின் மேல் வைத்துச் சுடப் பழக்குங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், சுட்டபின் சோப்பால் கை கழுவுவதும் கட்டாயம், ஏனெனில் பெல்லட்டுகள் பெரும்பாலும் ஈயம். வீட்டில் பிஸ்டலைப் பெட்டியில் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த திருப்பூர் நண்பர், பஞ்சர் கடையில் சிலிண்டருக்குக் காற்றடைக்கலாமா என்று கேட்டிருந்தார். முடியாது; இந்தச் சிலிண்டர்களுக்கு 200 பார் அழுத்தம் வரை ஈரமற்ற காற்று வேண்டும், அந்தக் கடைகளின் கம்ப்ரசர் அதன் பக்கத்திலும் வராது. மருத்துவமனை ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றாதீர்கள்; உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையுடன் சேர்ந்து வெடிக்கும். பயிற்சி மையத்தில் நிரப்புங்கள், அல்லது அதற்கென்றே உள்ள கைப் பம்பை வாங்குங்கள்.

இடக்கைப் பிள்ளையின் பெற்றோர் ஒருவரும் கேட்டிருந்தார். வலக்கைப் பிடியைச் சீவித் திருத்த முயல வேண்டாம். அந்த மாதிரிக்கு இடக்கைப் பிடி கிடைக்கும் என்பதை உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.