ஐந்து சைக்கிளும் ஒரு கேரேஜும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அம்மா, என் சைக்கிளை எடுத்துக் கொடு" என்று மகள் கேட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது. அவள் சைக்கிள் கேரேஜின் கடைசி மூலையில், மற்ற நான்குக்கும் பின்னால் சுவரோடு சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரருடைய மவுண்டன் பைக்கின் ஹேண்டில் பார் என் சைக்கிளின் பிரேக் ஒயரில் மாட்டியிருந்தது. அதை விடுவித்தால் பெடல் அடுத்த சைக்கிளின் ஸ்போக்ஸுக்குள் நுழைந்திருந்தது. எல்லாவற்றையும் வெளியே இழுக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கையில் கிடைத்த சைக்கிளின் செயின் செம்பழுப்பாகி, இரண்டு இடத்தில் மடங்கியபடியே விறைத்து நின்றது. காற்று இறங்கிய டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். ஆறு மாதமாக அதை யாரும் தொடவில்லை, தொட வழியும் இல்லை.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, மெரிபேங்க்கில். கடல் பக்கம்தான். இங்கே பல சைக்கிள் வைத்திருக்கிற வீடுகளில் எல்லாரும் யோசிப்பது ஒன்றே ஒன்று: எப்படி நெருக்கி அடுக்கலாம், காருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும். நானும் அப்படித்தான் இருந்தேன். அதுதான் முதல் தவறு என்று இப்போது சொல்வேன். எடுக்கச் சிரமமான சைக்கிளை நாம் பார்ப்பதே இல்லை, பார்க்காததைத் துடைப்பதும் இல்லை. துடைக்காத இரும்பை இந்த உப்புக் காற்று சும்மா விடாது. ஆகவே அடுக்குவதற்கு முன்னால், யார் எதை எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தினமும் ஓடுவது கதவோரம். பிள்ளைகளுடையது எப்போதும் தரையில், ஸ்டாண்டில், அவர்களே இழுத்துக்கொண்டு போகும்படி. பெரியவர்கள் இறக்கிக் கொடுக்கக் காத்திருக்கும் பிள்ளை இரண்டாம் நாள் கேட்பதை விட்டுவிடும்.

இந்த வரிசை வருடம் முழுக்க ஒன்றாக இருக்கவும் வேண்டாம். என் கொழுந்தன் அக்டோபரில் அமஷோவா சைக்கிள் போட்டிக்குப் போகிறவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கி.மீ. ஜூலையில் பயிற்சி ஆரம்பித்தால் அவர் சைக்கிள் முன்னுக்கு வரும். போட்டி முடிந்ததும் உள்ளே போகும்.

அடுத்தது சுவர். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் கொக்கி வாங்கி வந்து கண்ணுக்கு நேராக ஓட்டை போட்டுவிடுகிறோம். மேலே பூச்சு இருப்பதால் உள்ளே இருப்பது செங்கலா, இடையில் வைத்த சிமெண்டுக் கலவையா என்று வெளியே தெரியாது. ட்ரில் போடும்போது கொட்டும் தூளைப் பாருங்கள். முதலில் வருவது பூச்சின் சாம்பல் நிறம். அதைத் தாண்டிச் சிவப்புத் தூள் வந்து, ட்ரில் சீராகக் கடித்துக்கொண்டு போனால் செங்கல், அந்த இடம் தாங்கும். சாம்பல் நிறமாகவே மணல் போல உதிர்ந்தால் இரண்டு செங்கலுக்கு நடுவே இருக்கிறீர்கள், சில சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். திடீரென்று ட்ரில் வழுக்கி உள்ளே விழுந்தால் அது உள்ளே வெற்றிடமுள்ள சிமெண்ட் பிளாக். அதற்கு ஓட்டைக்குள் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போதாது, பின்னால் விரிந்து பிடிக்கும் வகை வேண்டும். எங்கள் முதல் கொக்கி கலவையில்தான் ஏறியிருந்தது. மூன்று வாரம் தாங்கியது. ஒரு நாள் இரவு பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு சைக்கிள் கார் மேல் சாய்ந்தது. நல்ல வேளை, கீழே பிள்ளைகள் இல்லை.

அகலத்தை மட்டும் அளப்பது இன்னொரு தவறு. முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டினால் சைக்கிள் சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீட்டும். காரை உள்ளே விட்டு, கார் கதவைத் திறந்து வைத்து, அப்புறம் அளக்க வேண்டும். மவுண்டன் பைக்கின் ஹேண்டில் பார் 80 செ.மீ. வரை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு சுவர் போய்விடும். ஒன்றை 25 அல்லது 30 செ.மீ. ஏற்றி, அடுத்ததை இறக்கி மாட்டினால் ஹேண்டில் பார்கள் ஒன்றின் மேல் ஒன்று விலகிக்கொள்ளும், கொக்கிக்குக் கொக்கி 40 செ.மீ. போதும். எங்கள் மூன்று பெரிய சைக்கிளும் ஒன்றரை மீட்டர் சுவரில் அடங்கிவிட்டன. தாழ்ந்த கொக்கி எனக்கு. சைக்கிளைப் பின் சக்கரத்தில் நிறுத்தி, உருட்டிக்கொண்டே சுவரோரம் வந்தால் முன் சக்கரம் கொக்கிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கொஞ்சம் தூக்கினால் மாட்டிக்கொள்ளும். தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் உயரம் தப்பு.

கொக்கிக்கு ரப்பர் உறை இருக்கட்டும், ரிம் கார்பன் என்றால் கட்டாயம். ஆயில் பிரேக் உள்ள சைக்கிளைத் தொங்கவிட்டு இறக்கியதும் லீவரை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுங்கள். உள்ளே காற்று இருந்தால் அது இடம் மாறி, லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

கூரையில் கப்பி கட்டித் தொங்கவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளின் கூரைச் சட்டத்தில் கீழே குறுக்காகப் போகிற மரம் சீலிங்கைத் தாங்கத்தான். ஐந்து சைக்கிள் சேர்ந்தால் 70 கிலோவைத் தொடும், அதை ஒரே மரத்தின் நடுவில் கட்டக் கூடாது. கேரேஜ் கதவு மேலே போகிற வகையாக இருந்தால் திறந்த நிலையில் எதுவரை வருகிறது என்றும் பாருங்கள்.

இனி துரு. ஜோஹன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருக்கும் என் தம்பியின் சைக்கிள் குளிர்காலம் முழுக்கத் துடைக்காமல் நின்றும் செயின் பளபளவென்று இருக்கும். அங்கே உலர்ந்த காற்று. அவன் சொல்கிற யோசனை நமக்குப் பொருந்தாது. டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை கேரேஜின் சிமெண்டுத் தரையே ஈரம் பூக்கும். அந்த நாட்களில் சைக்கிளை பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான். தூசிக்கு மூட வேண்டுமென்றால் பழைய காட்டன் சேலையைப் போடுங்கள், காற்று போய் வரும். கழுவியதும் செயினைத் துணியால் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஈரத்தை எடுத்து, எண்ணெய் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

உப்புக் காற்றைவிட மோசமான ஒன்றை நம் ஊர் கேரேஜ்களில் பார்க்கிறேன்: நீச்சல் குளத்துக்கு வாங்கி வைக்கும் குளோரினும் ஆசிட்டும். ரிசர்வார் ஹில்ஸில் பெரியம்மா வீட்டில் குளோரின் வாளியும் ஆசிட் கேனும் இருந்த மூலையில் நின்ற புது சைக்கிளின் ஸ்போக்ஸ், செயின், போல்ட் தலைகள் எல்லாம் சில வாரத்திலேயே துருப் பொட்டு வைத்திருந்தன. எதிர்ச் சுவரோரம் நின்ற பழைய சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை. மூடியை இறுக்கினாலும் கசியும் ஆவி போதும் உலோகத்தை அரிக்க. அவற்றை வெளியே, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், கலந்தால் வருவது குளோரின் வாயு. இதைத் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

டயருக்கு மாதம் ஒரு முறை காற்று. தட்டையாக நிற்கும் டயர் சைக்கிளின் எடையில் மடிந்து மடிந்தே வெடிப்பு விடும். ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம். ட்யூப் இல்லாத டயரில் ஊற்றும் பால் போன்ற திரவம் சில மாதத்தில் காய்ந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். நிறுத்தி வைக்கும்போது வால்வு சக்கரத்தின் அடிப்பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் அதில் அடைப்பு வராது.

மின்சார சைக்கிள் இருந்தால் அது தரையில்தான், 20 கிலோவுக்கு மேல் யார் தூக்குவது? மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி, வெப்பம் இல்லாத இடத்தில் வையுங்கள். புல்வெட்டியின் பெட்ரோல் கேன் பக்கத்திலோ, வீட்டுக்குள் போகும் கதவோரத்திலோ சார்ஜ் போட வேண்டாம், ராத்திரி எல்லாரும் தூங்கும்போதும் வேண்டாம்.

நம் கேரேஜ்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புரட்டாசி பூஜை, பெயர் வைப்பு, கருமாதி என்று எதுவானாலும் காரை வெளியே விட்டு, நாற்காலி போட்டு, பெரிய அண்டாக்களை இறக்குவது அங்கேதான். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய நீளமான ஸ்டாண்டை நாங்கள் முதல் விசேஷத்திலேயே கழற்ற வேண்டியதாயிற்று. தரைக்குத் தூக்கி நகர்த்தும் ஸ்டாண்டு வாங்குங்கள். சுவர்ச் சைக்கிள்களை மாமியார் ஒரு பழைய திரையை இழுத்து மறைத்துவிடுவார், வந்தவர்களின் புடவையில் செயின் எண்ணெய் படாது.

அந்தத் திரை இப்போது எங்கள் வீட்டில் எல்லா நாளும் இருக்கிறது, வேறொரு காரணத்துக்காக. சனிக்கிழமை கார் கழுவும்போது கேரேஜ் கதவு மணிக்கணக்கில் திறந்து கிடக்கும், உள்ளே என்னென்ன தொங்குகிறது என்று தெருவே பார்க்கும். பூட்டும் வேண்டும்: சுவரில் பதித்த வளையத்தில் ஒரே கனமான சங்கிலியை எல்லா ஃபிரேம் வழியாகவும் கோர்த்துப் பூட்டுகிறோம், சக்கரம் வழியாக மட்டும் அல்ல. அப்புறம் ஒவ்வொரு சைக்கிளையும் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சுக்குக் கீழே ஃபிரேமில் ஒரு எண் பொறித்திருக்கும். சேற்றைத் துடைத்து அதைப் போட்டோ எடுத்து, வாங்கிய ரசீதோடு போனில் வையுங்கள். போலீசும் இன்சூரன்ஸ்காரரும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். வீட்டுக்கு வெளியே ஓட்டும்போது தொலைந்தாலும் இன்சூரன்ஸில் சேருமா, அதற்கு சைக்கிளைத் தனியாகப் பதிய வேண்டுமா என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.