இயந்திரக் கையேடு: எதை அச்சிடலாம், எதைக் கைபேசியில் கொடுக்கலாம்

மதுரையின் கப்பலூர் தொழிற்பேட்டையிலும் கே.புதூரிலும் சிறு இயந்திரங்களைச் செய்து விற்போர் பலர், கையேட்டை அச்சிடுவதா பிடிஎஃப் கோப்பாகத் தருவதா என்பதை அச்சுக்கூலியை மட்டும் வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். கூலியைக் கணக்கிடும் முன், அந்தப் பக்கத்தை யார், எந்த இடத்தில் நின்று தேடுவார் என்று யோசிப்பது நல்லது.

சோழவந்தான் பக்கம் வயலோரத்து மோட்டார் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் டிரிப் ஆகி நிற்கிறது, விவசாயியின் கையெல்லாம் கிரீஸ், கைபேசியில் சிக்னலும் இல்லை. ஓவர்லோடு ரிலேயை (சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) எப்போது ரீசெட் செய்யலாம், எப்போது தொடாமல் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும் என்ற ஒரே பக்கம்தான் அவருக்கு அப்போது தேவை. அதை லேசர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் செய்து, பேனலுக்கு வெளியே கண்ணில் படும் உயரத்தில் மாட்ட வேண்டும். எச்சரிக்கையைக் கதவுக்குள் ஒட்டினால், கதவைத் திறந்த பிறகுதான் படிக்க முடியும்.

வயரிங் படத்தையும் தாளிலேயே கொடுங்கள். பெரிய மோட்டாரைக் குறைந்த மின்னோட்டத்தில் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கினால் வயர் எண் தெரியும், ஆனால் அந்த வயர் போய்ச் சேரும் முனை திரையை விட்டு வெளியே போய்விடும். ஏ3 அளவில், அதாவது 297 × 420 மி.மீ. தாளில், முழுச் சுற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

உதிரிபாகப் பட்டியல், விற்பனையாளர் விவரம் போன்று அடிக்கடி மாறுபவை டிஜிட்டலில் இருப்பதே சரி. அவற்றைத் தமிழில் தருவோர் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும்; பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பில் ‘வால்வு’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. யூனிகோடிலும் சில மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளைக் குலைத்துவிடுவதால், அனுப்புவதற்கு முன் நான்கைந்து சொற்களைத் தேடிப் பாருங்கள். இயந்திரத்தில் ஒட்டும் க்யூஆர் கோடு உங்கள் சொந்த இணையதள முகவரிக்கே செல்லட்டும்.

ஐரோப்பாவுக்கு அனுப்புவோருக்கு விதியே உண்டு. 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1230 எண்ணுள்ள இயந்திர ஒழுங்குமுறை டிஜிட்டல் கையேட்டை அனுமதிக்கிறது; ஆனால் வாங்கும்போதே கேட்பவருக்கு ஒரு மாதத்துக்குள் தாள் பிரதியை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், கோப்பும் குறைந்தது 10 ஆண்டுகள் இணையத்தில் கிடைக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும்போது, நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கட்டும். பட்டறையில் விரித்து வைத்துப் படிப்பதற்கு ஸ்பைரல் பைண்டிங்கே வசதி. குறைந்த பிரதிகளுக்கு ஊரிலேயே டிஜிட்டல் பிரிண்ட் போதும், ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் சிவகாசியில் ஆஃப்செட் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பு எண்ணையும் மாதத்தையும் அச்சிடுங்கள். திருத்திய பதிப்பு வந்ததும், சர்வீஸுக்குப் போகிறவரிடம் புதிய தாளைக் கொடுத்தனுப்பி, சுவரில் இருக்கும் பழையதைக் கழற்றி வாங்கிவரச் சொல்லுங்கள்.