ஊரில் மச்சான்மாரோடு குடித்த மறுநாள் வயிற்றுக்கு என்ன கொடுக்கலாம்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் போய் இறங்கிய அன்றே மச்சான்மார் கூடிவிடுவார்கள், போத்தல் உடைப்பார்கள், சோற்றைப் பற்றி யாராவது நினைக்கவே நடுச்சாமம் ஆகிவிடும். விடிய எழும்பும்போது வயிறு எரிந்து குமட்டினால் பழியைச் சாராயத்தின் மேல் மட்டும் போடாதீர்கள். வெறும் வயிறு, பைற்ஸ் என்று வந்த உறைப்பான டெவல், நமக்குப் பழக்கம் விட்டுப்போன வெக்கை எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பாடு படுத்துகிறது. மது இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்துவதோடு சிறுநீரையும் கூட்டும், ஏற்கனவே வேர்த்துக் காய்ந்த உடம்பில் இருந்த தண்ணீரும் அதோடு போய்விடும்.

அதனால் எழும்பியதும் செவ்விளநீர், கண் முன்னால் வெட்டியதாக. அதில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு, ஆகவே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடியுங்கள் (சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இளநீரைத் தொட வேண்டாம்). வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் இளநீர் மட்டும் போதாது. பாமசியில் ஜீவனி (உடம்பில் போன நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) என்று கேளுங்கள், பக்கற்றில் உள்ள அளவுப்படி கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாகக் குடித்து, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அது கையில் இல்லையா, 1 லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

சாப்பாட்டில் என் முதல் தெரிவு புழுங்கல் அரிசிக் கஞ்சி. மாமி ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் ஆயத்தப்படுத்திக்கொண்டு நிற்பார், வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, ஆனாலும் "மாமி, வயிறு சரியில்லை, கொஞ்சம் கஞ்சி வைத்துத் தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் கோபிக்க மாட்டார்கள். மத்தியானத்துக்குப் பச்சை மிளகாய் குறைத்த சொதியோடு இரண்டு இடியப்பம், ஒரு கதலி வாழைப்பழம். குமட்டலுக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ நல்லது.

பழஞ்சோறு எனக்கும் உயிர்தான், ஆனால் வெக்கையில் இரவு முழுக்கக் கிடந்த சோறு புண்பட்ட வயிற்றுக்குச் சரிவராது, இன்னொரு நாள் பார்க்கலாம். வயிறு எரியும்போது தேசிக்காய்த் தண்ணியும் மிளகு ரசமும் எரிவைக் கூட்டத்தான் செய்யும். அப்புறம், "காலமை ஒரு பிளா கள்ளு அடிச்சால் எல்லாம் சரியாகும்" என்று யாராவது பெரியவர் சொல்வார், அன்பாகத்தான் சொல்வார், கேட்காதீர்கள்.

தலையிடி என்று இபுபுரோபென், அஸ்பிரின் போட்டால் இரைப்பை இன்னும் கெடும். நிறையக் குடித்த பிறகு பனடோலை (பரசிற்றமோல்) அள்ளிப் போடுவது ஈரலுக்கு ஆபத்து. காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அதை வெறியின் மிச்சம் என்று விடவே கூடாது, டெங்கு உள்ள நாடு, இரத்தம் சோதிக்க வேண்டும்.

கசிப்பை, அதாவது கள்ளச்சாராயத்தை, ஒரு சொட்டும் தொடாதீர்கள். அதில் மெதனோல் கலந்திருந்தால் கண் பறிபோகும், உயிரும் போகும். பார்வை மங்கினாலோ, இரத்தமாக வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, தட்டி எழுப்பியும் ஆள் எழும்பாவிட்டாலோ கஞ்சி வைத்துக்கொண்டு நிற்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஆள் மயங்கிக் கிடந்தால் அது வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வந்தவர்களிடம் என்ன குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.