மைன்கிராஃப்டில் தானே இயங்கும் தேன் பண்ணை: ஐந்தாம் நிலையில் மட்டும் அறுவடை

பிளாக் எனப்படும் கனசதுரக் கட்டைகளால் உலகைக் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்டில் தேனீக்கள் 2019 டிசம்பரில், கணினிக்கான ஜாவா பதிப்பின் 1.15 புதுப்பிப்போடு வந்தன. ஒரு தேன்பெட்டியை வைத்துக் கையால் அறுவடை செய்வது எளிது. ஆனால் தேன் பிளாக்குகளைக் கொண்டு பறக்கும் இயந்திரம் கட்ட நினைப்பவருக்கும், செம்புக் கூரை பச்சை படராமல் இருக்கத் தேனடை பூச நினைப்பவருக்கும் அந்த வேகம் போதாது. இங்கே விளக்கும் பண்ணை ஜாவா பதிப்புக்கு உரியது. ஒரு முறை கட்டி முடித்துவிட்டால், நீங்கள் அருகில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே செஸ்ட் (பொருள்களைச் சேமிக்கும் பெட்டி) நிரம்பிக்கொண்டிருக்கும்.

முதலில் தேனீக்களைக் கொண்டுவர வேண்டும். பிளெயின்ஸ் பயோமில் (சமவெளி நிலப்பகுதியில்) ஓக், பர்ச் மரங்களின் அடிமரத்தை ஒட்டி இயற்கைத் தேன்கூடுகள் தொங்கும். மெடோ (புல்வெளி) பயோமில் மரங்கள் அரிதானாலும், நிற்கும் மரத்தில் பெரும்பாலும் கூடு இருக்கும். எங்கும் கிடைக்கவில்லை என்றால், ஓக் அல்லது பர்ச் கன்றை ஒரு பூவுக்கு இரண்டு பிளாக் தொலைவுக்குள் நட்டு வளர்த்துப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து மரங்களில் தேனீக்களோடு கூடு அமையும். இரவிலோ மழையிலோ தேனீக்கள் எல்லாம் உள்ளே அடங்கியிருக்கும்போது சில்க் டச் (பிளாக்கைச் சிதையாமல் முழுதாக எடுக்க உதவும் மந்திரம்) ஏற்றிய கருவியால் கூட்டை உடைத்தால், அவை கோபம் கொள்ளாமல் கூட்டோடு உங்கள் பைக்குள் வந்துவிடும். சில்க் டச் இல்லாமல் உடைத்தால் கூடும் போகும், கொட்டும் வாங்க வேண்டியிருக்கும். கொட்டிய தேனீயும் சிறிது நேரத்தில் இறந்துவிடும். தேனீக்களை இழந்து தொடங்கும் பண்ணையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, தேன் எப்படிச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மீதி எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு பெட்டியில் மூன்று தேனீக்கள் வரை தங்கலாம். தேனீ பூவில் சுமார் 20 விநாடி சுற்றி மகரந்தத்தோடு திரும்பி, பெட்டிக்குள் ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருந்துவிட்டு வெளியேறும்போது தேன் நிலை ஒன்று கூடுகிறது. நிலை 0 முதல் 5 வரை செல்லும். ஐந்தை எட்டினால்தான் அறுவடை. இரவிலும் மழையிலும் அவை வெளியே வருவதில்லை. மேலே கூரை போட்டால் மழைநேரத்திலும் வேலை செய்யும் என்று சிலர் நம்புகிறார்கள். உலகில் மழை பெய்கிறதா என்பதைத்தான் பெட்டி பார்க்கிறதே தவிர, தன் தலைமேல் நனைகிறதா என்பதைப் பார்ப்பதில்லை. விளையாட்டின் ஒரு பகலில் மூன்று தேனீக்களும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு முறை சென்றுவர முடியும் என்பதால், ஒரு பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு அறுவடை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். விளையாட்டின் நெருப்புலகமான நெதரில் இரவும் இல்லை, மழையும் இல்லை. மண்ணையும் பூவையும் கொண்டுபோய் அங்கே பண்ணை அமைத்தால் தேனீக்கள் ஓய்வின்றி உழைக்கும்.

அறுவடை செய்யும் கருவி, சைகை வந்ததும் தன்னுள் இருக்கும் பொருளைத் தானே பயன்படுத்தும் டிஸ்பென்சர். அதனுள் கத்தரிக்கோல் இருந்தால் மூன்று தேனடைகள் விழும். கண்ணாடிப் புட்டி இருந்தால் ஒரு புட்டி தேன் கிடைக்கும். டிஸ்பென்சர் அறுவடை செய்தால் தேனீக்கள் கோபப்படுவதில்லை. எனவே, கையால் அறுவடை செய்பவர்கள் பெட்டிக்குக் கீழே மூட்டும் கேம்ப்ஃபயர் (விறகுத் தீ) இங்கே தேவையே இல்லை. அடைத்த அறைக்குள் அது தேனீக்களைச் சுடும் ஆபத்துதான் மிஞ்சும். தண்ணீரும் அவற்றுக்குத் தீங்கு செய்யும் என்பதால், விழும் பொருள்களைச் சேர்க்க நீரோடை அமைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

தேன்பெட்டியின் பின்னால் நின்று அதைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டு கட்டலாம். பெட்டியின் முகம் உங்களுக்கு எதிர்ப்புறம், தேனீக்களின் அறையை நோக்கி இருக்க வேண்டும். பெட்டியை ஒட்டி உங்கள் பக்கத்தில் ஒரு கம்பாரேட்டரை (அளவைப் படித்துச் சைகையாக்கும் கருவியை), அதன் இரட்டை விளக்குகள் பெட்டியைத் தொடும்படி வையுங்கள். கம்பாரேட்டர் தேன் நிலையைப் படித்து அதே அளவு வலிமையுள்ள சைகையை அனுப்பும்: நிலை நான்கானால் சைகை 4, ஐந்தானால் 5. மின்கம்பிபோல் சைகையைக் கடத்தும் ரெட்ஸ்டோன் தூளில் ஒவ்வொரு பிளாக்கைக் கடக்கும்போதும் சைகை ஒன்று குறையும். ஆகவே ஐந்து தூள்களை வரிசையாகப் போட்டால், நிலை ஐந்தில் மட்டுமே கடைசித் தூள் ஒளிரும். நான்கில் அது இருட்டாகவே இருக்கும்.

அந்த ஐந்து தூள்களையும் வளைத்துப் போட வேண்டும். கம்பாரேட்டருக்குப் பின்னால் உங்களை நோக்கி இரண்டு. அங்கிருந்து வலப்புறமாக இரண்டு. பிறகு மீண்டும் பெட்டியின் திசையில் ஒன்று. அந்த ஐந்தாவது தூளுக்கு முன்னால், அதே திசையை நோக்கி ஒரு ரிப்பீட்டர் (சைகையை மீண்டும் வலுவாக்கி முன்னே அனுப்பும் கருவி). ரிப்பீட்டருக்கு முன்னால் கல் போன்ற ஒரு திட பிளாக். அந்த பிளாக்குக்கும் தேன்பெட்டிக்கும் இடையே எஞ்சும் ஓரிடத்தில்தான் டிஸ்பென்சர் அமரும், அதன் வாய் பெட்டியைத் தொட்டபடி. நிலை ஐந்தானதும் ரிப்பீட்டர் அந்த பிளாக்குக்குச் சக்தி ஏற்ற, டிஸ்பென்சர் ஒரு முறை இயங்கி, தேன் நிலை பூஜ்யமாகி, சுற்று முழுவதும் அணைந்து அடுத்த அறுவடைக்குத் தயாராகும்.

பெட்டிக்கு நேர் கீழே ஒரு ஹாப்பர் (மேலுள்ள பொருளை இழுத்து அடுத்த பெட்டிக்கு அனுப்பும் புனல்), அதிலிருந்து செஸ்ட். அறுவடைப் பொருள் பெட்டி இருக்கும் இடத்திலேயே தோன்றுவதால், கீழுள்ள ஹாப்பர் அதைப் பெரும்பாலும் அங்கேயே இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் தெறிப்பதைப் பிடிக்க, பெட்டி வாசலின் தரையிலும் ஒரு ஹாப்பர் வைப்பது நல்லது. பெட்டியின் மேற்புறத்தையும் இடப்புறத்தையும் முழு பிளாக்கால் மூடிவிடுங்கள். முன்னால் மூன்றுக்கு மூன்று பரப்பும் இரண்டு பிளாக் உயரமும் கொண்ட கண்ணாடி அறை போதும்; உள்ளே புல் பிளாக்கின் மேல் இரண்டு மூன்று பூக்கள். விதர் ரோஜாவை மட்டும் நடாதீர்கள், அது தொட்டதைக் கொல்லும். வாசலுக்கு நேர் முன்னுள்ள பிளாக்கை அடைத்துவிட்டால் தேனீக்களால் வெளியே வர முடியாது.

இந்தச் சுற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை அறிந்தே கட்ட வேண்டும். டிஸ்பென்சர் சைகை தொடங்கும் கணத்தில் மட்டுமே இயங்கும். அந்த நேரத்தில் உள்ளே கருவி இல்லை என்றால் அறுவடை நடக்காது, தேன் ஐந்திலேயே நிற்கும், சைகையும் அணையாது. பிறகு நீங்கள் கருவியைப் போட்டாலும் எதுவும் அசையாது. எனவே தேனீக்களை விடுவதற்கு முன்பே டிஸ்பென்சரை நிரப்பிவிடுங்கள். அப்படியும் சிக்கிக்கொண்டால், ஒரு தூளை உடைத்து மீண்டும் போட்டால் புதிய சைகை பிறந்து சுற்று விடுபடும்.

கத்தரிக்கோலில் இந்தச் சிக்கல் அரிதாகவே வரும். ஒன்று 238 முறை வெட்டும், அதாவது 714 தேனடைகள்; டிஸ்பென்சரில் ஒன்பது அடங்கும். புட்டியில்தான் கவனம் தேவை. நிரம்பிய தேன் புட்டி, டிஸ்பென்சருக்குள் காலி இடம் இருந்தால் அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை டிஸ்பென்சர் தன் ஒன்பது இடங்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும்போது, அந்தத் தேன் புட்டியே அகப்பட்டால் அதை வெளியே துப்பிவிடும். அறுவடை நடக்காமல் சுற்று அப்படியே உறைந்துபோகும். தீர்வு எளிமையானது: ஒன்பது இடங்களிலும் 64 வீதம், மொத்தம் 576 காலிப் புட்டிகளை அடுக்கிவிட்டு, டிஸ்பென்சரின் மேல் ஒரு ஹாப்பரையும் அதன் மேல் காலிப் புட்டிகள் உள்ள செஸ்டையும் வையுங்கள். உள்ளே இடமே இல்லாததால் ஒவ்வொரு தேன் புட்டியும் வெளியே தள்ளப்பட்டுக் கீழுள்ள ஹாப்பரைச் சேரும். குறைந்த ஒரு புட்டியை மேல் ஹாப்பர் உடனே நிரப்பிவிடும். கம்பாரேட்டருக்குப் பதிலாகக் கடிகாரச் சுற்றைக் கொண்டு இயக்கலாமா என்றால், கத்தரிக்கோலுக்கு அது பொருந்தும். தேன் நிரம்பாதபோது கத்தரிக்கோல் அசையாமல் இருந்துவிடும். காலிப் புட்டிகளையோ டிஸ்பென்சர் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே எறிந்து வீணாக்கும்.

தொடங்குபவர்கள் முதல் பெட்டியைத் தேனடைக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று தேனடையும் ஆறு பலகையும் சேர்ந்தால் ஒரு புதிய தேன்பெட்டி. ஆக ஒவ்வொரு அறுவடையும் அடுத்த பெட்டிக்கான முதலீடு. தேனீக்களுக்குப் பூக்களை ஊட்டினால் குட்டி பிறந்து, 20 நிமிடத்தில் வளர்ந்துவிடும். பெட்டிகளை வரிசையாக வைக்கும்போது ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி நான்காவது பிளாக்கில் அமைய வேண்டும். நெருக்கினால் பக்கத்துத் தூள்கள் ஒன்றோடொன்று இணைந்து சைகைகள் கலந்துவிடும்.

தேன் பிளாக்குகளே நோக்கம் என்றால், 2024 ஜூனில் 1.21 புதுப்பிப்போடு வந்த கிராஃப்டர் (ஒன்பது இடங்களில் வைத்த பொருள்களைச் சேர்த்துப் புதுப் பொருள் செய்யும் கருவி) பெரிய உதவி. இரண்டுக்கு இரண்டாக நான்கு இடங்களை மட்டும் திறந்து, மற்ற ஐந்தையும் சொடுக்கி மூடிவிட்டுத் தேன் புட்டிகளை ஹாப்பர் வழியாக அனுப்பினால், நான்கு புட்டித் தேன் ஒரு தேன் பிளாக்காக மாறும். காலியான நான்கு புட்டிகளும் கூடவே வெளியே வரும். கிராஃப்டரிலிருந்து கம்பாரேட்டர் படிக்கும் சைகை, மூடிய இடங்களையும் சேர்த்து எண்ணுவதால், நான்கு இடமும் நிரம்பியதும் 9 ஆகும். ஒன்பது தூள்களின் வரிசை அதை இயக்கப் போதும். வெளிவரும் காலிப் புட்டிகளை ஒரு வடிகட்டி ஹாப்பர் மூலம் பிரித்து, டிஸ்பென்சருக்கு மேலுள்ள செஸ்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டால், புதிதாகப் புட்டி செய்ய மணலை உருக்க வேண்டியதில்லை.