கழிச்சல் நிற்காத ஹோல்ஸ்டீன் கன்று: அபோ-பி மரபணுவைச் சோதித்து இணை சேர்க்கும் முறை

பிறந்தபோது எந்தக் குறையும் தெரியாத ஹோல்ஸ்டீன் கன்று ஒன்று, பாலை ஆசையாகக் குடித்துக்கொண்டே சில வாரங்களில் கழிச்சல் கண்டு, எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் எலும்பும் தோலுமாக இளைத்துக்கொண்டே போனால், நுண்ணுயிர்த் தொற்றைத் தேடுவதோடு நின்றுவிடாமல் அதன் இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தீவனத்தின் மீதோ கொட்டகைச் சுத்தத்தின் மீதோ பழி போட்டு நாட்களைக் கடத்துவதால் அந்தக் கன்றுக்கும் பயனில்லை, அதே காளையின் விந்தைப் பெறப்போகும் அடுத்த பசுவுக்கும் பயனில்லை.

அந்தப் புரதத்தின் பெயர் அபோலிப்போபுரதம்-பி, சுருக்கமாக அபோ-பி. சுமார் 4,500 அமினோ அமிலங்கள் கொண்ட மிக நீண்ட புரதம் இது. கன்று குடித்த பாலின் கொழுப்பு செரித்து உடைந்து சிறுகுடலின் செல்களுக்குள் நுழைந்ததும் மீண்டும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பாகக் கட்டப்பட்டு, அபோ-பியைச் சட்டமாகக் கொண்டு கைலோமைக்ரான் என்னும் துகளாக உருவெடுத்து, நிணநீர் வழியாக இரத்தத்தைச் சேர்கிறது. கல்லீரல் தன்னிடமுள்ள கொழுப்பை வெளியே அனுப்புவதற்கும் இதே புரதம்தான் வேண்டும். ஒரு துகளுக்கு ஓர் அபோ-பி மூலக்கூறு என்பது கணக்கு. ஆகவே புரதம் இல்லையென்றால் துகளே இல்லை. உறிஞ்சப்பட்ட கொழுப்பு குடல் செல்லுக்குள்ளேயே துளித்துளியாகத் தேங்கிவிடுகிறது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதனோடு சேர்ந்து உடலுக்குக் கிடைக்காமல் போகின்றன. கன்று குடித்தும் பட்டினி கிடக்கிறது.

ஹோல்ஸ்டீன் இனத்தில் கன்றுகளின் உயிரைப் பறிக்கும் ஒரு ஹாப்லோடைப், அதாவது சேர்ந்தே மரபாக வரும் டிஎன்ஏ அடையாளங்களின் தொகுப்பு, இருப்பது 2015-இல் ஜெர்மனியில் வெளிப்பட்டது. அதன் காரணம் 2016-இல் துலங்கியது. மாட்டின் 11-ஆம் குரோமோசோமில் உள்ள அபோ-பி மரபணுவின் 5-ஆம் எக்ஸானுக்குள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதிகளுள் ஒன்று), இடம்பெயரும் தன்மையுடைய, ஏறக்குறைய 1,300 காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளமான டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்திருக்கிறது. அதனால் வாசிப்பு வரிசை குலைந்து, புரதத்தின் 97 விழுக்காடு உருவாவதே இல்லை. இந்தப் பழுது 1991-இல் கனடாவில் பிறந்த மாக்லின் ஸ்டார்ம் என்னும் பொலிகாளையின் வழியாகப் பரவியது. உறைவிந்தின் வழியே ஒரு காளையின் மரபணு எத்தனை நாடுகளின் மந்தைகளுக்குள் நுழைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சந்தேகம் எழுந்தவுடன் முதலில் செய்யவேண்டியது வழக்கமான காரணங்களை விலக்குவதுதான். ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம், காக்சிடியா, சால்மோனெல்லா ஆகியவை இம்மரபணுப் பழுதைவிடப் பன்மடங்கு அடிக்கடி வருபவை. அவை இல்லையென்று தெரிந்தபின், அல்லது அவற்றுக்கான சிகிச்சை முடிந்தும் கன்று தேறாதபோது, இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ராலை அளக்கச் சொல்லுங்கள். அபோ-பி துகள்கள் கொலஸ்ட்ராலையும் சுமப்பதால், அவை இல்லாதபோது அதன் அளவும் தாழும். எந்தக் கன்றுக்கும் பிறந்தவுடன் கொலஸ்ட்ரால் குறைவாகத்தான் இருக்கும், பால் குடிக்கக் குடிக்கத்தான் உயரும். ஆகவே முதல் சில நாட்களில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. அதே வயதுடைய, அதே பாலைக் குடிக்கும் நலமான கன்று ஒன்றின் இரத்தத்தையும் உடன் அனுப்பி ஒப்பிடுவதே சிறந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெற்ற இம்மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான கன்றில் அளவு ஏறத்தாழ இல்லை என்னும் நிலையில் இருக்கும். ஆனால் நெடுநாள் நோயுற்று மெலிந்த எந்தக் கன்றிலும் கொலஸ்ட்ரால் தாழும் என்பதால், இந்த அளவை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக்கூடாது. மரபணுச் சோதனைதான் உறுதி தரும்.

சோதனைக்கு வால் குஞ்சத்திலிருந்து 30 மயிர்கள் வரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். கத்தரித்த மயிர் பயன்படாது. வேரிலுள்ள செல்களில்தான் டிஎன்ஏ கிடைக்கும். ஈரம் தேங்கும் பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, காகித உறையில் உலர்வாக வைத்து, ஒவ்வொரு விலங்குக்கும் கையுறையை மாற்றுங்கள். இரத்தம் எடுப்பதானால், அதை உறையவிடாத ஈடிடிஏ குழாயில் எடுக்க வேண்டும். இரட்டைக் கன்றுகளுக்கு மட்டும் இரத்தத்தை நம்பாதீர்கள். கருப்பையிலேயே அவற்றின் இரத்த நாளங்கள் பெரும்பாலும் இணைந்துவிடுவதால், ஒன்றின் இரத்தத்தில் மற்றதன் செல்களும் கலந்திருக்கும். அவற்றுக்கு மயிர் வேரே சரியான மாதிரி.

ஆய்வகத்தில் இச்சோதனையை அமைப்பவர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. துண்டு புகுந்த இடத்தின் இருபுறமும் பிரைமர்கள் என்னும் இரண்டு சிறு டிஎன்ஏ இழைகளை வைத்து, இடைப்பட்ட பகுதியைப் பெருக்கும் பிசிஆர் செய்தால், நலமான பிரதி குட்டையான பட்டையையும் பழுதான பிரதி சுமார் 1,300 காரங்கள் கூடுதலான நெட்டைப் பட்டையையும் தர வேண்டும். ஒரு பிரதி மட்டும் பழுதான கடத்தி விலங்கில், குட்டைப் பட்டை எளிதாகப் பெருகி நெட்டைப் பட்டையை அமுக்கிவிட வாய்ப்புண்டு. அப்போது கடத்தியை நலமானது என்று எழுதிவிடுவோம். புகுந்த துண்டுக்குள்ளேயே பொருந்தும் மூன்றாவது பிரைமர் ஒன்றைச் சேர்த்தால், பழுதான பிரதிக்கும் குட்டையான பட்டை கிடைக்கும், இந்தத் தவறும் நேராது.

முடிவு எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஹாப்லோடைப் சோதனை, பழுதைச் சுற்றியுள்ள டிஎன்ஏ அடையாளங்களைக் கொண்டு ஊகிப்பது மட்டுமே. பழுது தோன்றுவதற்கு முந்தைய மூதாதையர் வழியில் அதே அடையாளங்கள் பழுதில்லாமலும் வந்திருப்பதால், குற்றமற்ற காளையும் கடத்தியெனப் பெயர் வாங்கக்கூடும். அபோ-பி மரபணுவையே பார்த்த நேரடிச் சோதனையின் முடிவுதான் இறுதியானது. காளைப் பட்டியல்களில் சிடிஎஃப் (CDF) என்றிருந்தால் பழுதற்றது என்றும், சிடிசி (CDC) என்றிருந்தால் கடத்தி என்றும் பொருள்.

இனி இணை சேர்ப்பது. கடத்திக் காளையைக் கடத்திப் பசுவுக்குப் போட்டால், ஒவ்வொரு ஈற்றிலும் நோயுற்ற கன்று பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 200 பசுக்கள் உள்ள மந்தையில் 15 விழுக்காடு, அதாவது 30 பசுக்கள் கடத்திகள் என்று கொள்வோம். எல்லாப் பசுக்களுக்கும் ஒரே கடத்திக் காளையைப் பயன்படுத்தினால் சராசரியாக ஏழெட்டுக் கன்றுகள் நோயோடு பிறக்கும். கண்ணுக்குத் தெரியும் இழப்பு அதுதான். ஆனால் அதே ஆண்டில் 100 கன்றுகள் கடத்திகளாகப் பிறந்திருக்கும் என்பதே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது, ஏனெனில் அவற்றில் கிடேரிகள் அனைத்தும் அடுத்த தலைமுறையின் தாய்கள். எனவே காளைகளைப் பழுதற்றவையாகத் தேர்ந்தெடுப்பதே முதல் விதி. அதை மட்டும் தவறாமல் செய்தால், பசுக்களைச் சோதிக்காத மந்தையிலும் இரு பிரதிகளும் பழுதான கன்று பிறக்காது. கடத்திகளின் விகிதமும் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும்.

கடத்திப் பசுவைக் கழித்துவிடத் தேவையில்லை. அவற்றின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் சற்றுக் குறைவாக இருக்கும். ஆயினும் பழுதற்ற காளையோடு சேர்த்தால் அவை ஈனும் கன்றுகளில் பாதி முற்றிலும் நலமானவையாக இருக்கும். பால்வளமும் காலுறுதியும் உள்ள நல்ல பசுவை இந்த ஒரு குறைக்காக இழப்பது வீண். அதேவேளையில், ஒரு பிரதி மட்டும் பழுதான சில கன்றுகளிலும் நோய்க்குறிகள் பதிவாகியுள்ளதால், கடத்திக் கன்றின் நீடித்த கழிச்சலை அலட்சியம் செய்யக்கூடாது.

இரு பிரதிகளும் பழுதான கன்றுக்குச் சிகிச்சை இல்லை. நீரிழப்பை ஈடுசெய்யலாம், வைட்டமின்களை ஊசியாகக் கொடுக்கலாம். எனினும் பெரும்பாலானவை ஆறு மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. சோதனை உறுதியானபின், கால்நடை மருத்துவரோடு பேசி அதன் வேதனையை நீட்டிக்காமல் முடிவெடுப்பதே கருணை. இறந்த கன்றை அறுத்துப் பார்க்கும்போது சிறுகுடலின் ஒரு துண்டை ஃபார்மலினில் வைத்து, உறைய வைத்து வெட்டி ஆயில் ரெட் ஓ சாயமிடும்படி கேளுங்கள். வழக்கமான பாரஃபின் முறையில் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் செல்களில் வெற்றுக் குழிகள் மட்டுமே தெரியும். உறைவெட்டில், வெளியேற வழியில்லாமல் தேங்கிய கொழுப்பு செந்நிறத் துளிகளாக நிறைந்திருப்பதைக் காணலாம்.